மரியதாஸுக்கு அப்பா வாங்கிய பதக்கம்

தேவாலாவில் காலையில் ஓடிப் பழகுகிற பையன்கள் என்னைக் கண்டால் விடுவதில்லை. இப்போது பட்டாளத்துக்கு நான்கு வருடத்துக்குத்தான் எடுக்கிறார்கள். அதனால் பையன்களுக்கு எல்லாவற்றையும் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் பதினேழு வருடம் இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் ரிட்டயர் ஆகி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேங்கில் பென்ஷன் கவுன்டரில் போய் நின்றால், "தம்பி, அப்பா நேர்ல வரணும்" என்கிறார்கள். பென்ஷன் எனக்குத்தான் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வேன். போன மாதம் அப்பா செத்துப்போனார். அதற்குப் பிறகு அந்தக் கவுன்டருக்குப் போகவில்லை.

"அண்ணா, டிரெய்னிங்ல எதுண்ணா ரொம்பக் கஷ்டம்? ஓட்டமா, துப்பாக்கியா?" என்று பையன்கள் கேட்கிறார்கள்.

"மைக்கில் நம்ம பேரைக் கூப்பிடுற நேரம்தான்டா" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். கிண்டல் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி, அதாவது கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி. பிறந்தது இலங்கையில் கண்டிப் பக்கம். இளவட்டமாக இருந்தபோது கப்பலில் இங்கே அனுப்பிவிட்டார்கள். வரும்போது கொண்டுவந்த சாமான் எல்லாம் உடைந்தும் தொலைந்தும் போனது. அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும்தான் மிச்சம். அதில் ஒரு பழக்கம் பெரட்டு.

விடியும் முன்னே தோட்டத்து ஆட்கள் எல்லாரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு, சம்பளம் உண்டு. அதைப் 'பேர் போடுவது' என்று சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். இரண்டு தடவை கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் அன்றைக்குப் பேரே கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பு பற்றவில்லை, மழையில் வழுக்கிவிட்டது என்று யாராவது ஒருத்தர் தினமும் பிந்தத்தான் செய்வார்கள். அவர்கள் பேர் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் "வந்திருக்கு ஐயா!" என்று குரல் கொடுத்துவிட வேண்டும். ஆம்பிளைக் குரலில் "முத்தம்மா வந்திருக்கு" என்று வந்தால் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டார்.

அப்பாவின் குரல் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். பிந்துகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் குரல் கொடுப்பார். சில நாள் இரண்டு கிழவிகளுக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் சேர்த்து அவர் ஒருத்தரே வந்திருப்பார்.

நான் பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய நேரம் தேயிலை விழுந்துவிட்டது. கொழுந்துக்கு விலை இல்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள் என்றார்கள். பேக்டரியில் புகை நின்றது. பறிக்காமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றன. யானைக்கு அது வசதியாகப் போயிற்று. இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பினார்கள். நான் ஆள் எடுக்கிற இடத்தில் போய் ஓடினேன். எடுத்துவிட்டார்கள்.

அப்பா அதைப் பெரட்டில் வைத்துச் சொன்னார். "எம் பொடியன் பட்டாளத்துல சேர்ந்துட்டான்! பரேடு அன்னிக்கு எல்லாரும் வாறோம்!" தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயமே அழுது என்னை வழியனுப்பியது. அம்மா ஏதோ எல்லைக்கே போகிற மாதிரி முறுக்கு கட்டிக் கொடுத்தாள். போய் இறங்கினால் டிரெய்னிங் சென்டர் குன்னூர்ப் பக்கம். கூடலூர் போய், ஊட்டி போய், இன்னொரு பஸ் ஏறினால் வந்துவிடும். முறுக்குகூடத் தீரவில்லை.

டிரெய்னிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், உருண்டோம், முடி போச்சு, பசி வந்தது. சொல்ல வேண்டியது எங்கள் டிரில் உஸ்தாதைப் பற்றித்தான். கற்றுக்கொடுக்கிற ஹவில்தாரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். இவர் பெயர் சுப்ரமணி, அவிநாசிப் பக்கம். மற்ற உஸ்தாதுகள் கத்துவார்கள். இவர் ஒருநாளும் கத்தியதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத் திட்டுவார். கத்துகிறவரிடம் திட்டு வாங்கினால் ராத்திரி தூங்கிவிடலாம். இவரிடம் வாங்கினால் தூக்கம் வராது.

முதல் நாள் என்னை நடக்கச் சொல்லிவிட்டு, ஒரு சுற்று முழுக்கப் பேசாமல் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கை உங்களுதுங்களா, எரவல் வாங்குனதுங்களா?"

"என்னுதுதான் உஸ்தாத்."

"அப்ப ஏனுங்க அதைத் தூக்கிப் புடிச்சுட்டே நடக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தேயிலைச் செடிக்கு நடுவில் நடந்து பழகினவன் முழங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் நடப்பான். கீழே விட்டால் குச்சி கிழித்துவிடும். காலையும் சரிவில் வைக்கிற மாதிரி கொஞ்சம் கோணலாக வைப்பான். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறேன். எங்கள் லயத்தில் எல்லாருமே அப்படித்தான் நடப்பார்கள். அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை.

"இங்க செடி ஒண்ணும் இல்லீங்க தம்பி. தார் ரோடுங்க. கையைக் கீழ போட்டா எதுவும் கிழிக்காதுங்க. நாஞ் சொல்றன், நம்பிப் போடுங்க."

நம்பினேன். கைதான் நம்பவில்லை. இரண்டு முழங்கையிலும் தண்ணீர் நிறைத்த பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு நடக்க வைத்தார். பாட்டிலோடு கை மேலே போனது. "பரவாயில்லீங்க, பலம் வந்துருச்சுங்க" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் மரியதாஸ் இருந்தான். தூத்துக்குடிக்குப் பக்கம் கடற்கரை ஊர். படகில் நின்று பழகினவன், அதனால் தரை அவனுக்கு அசையவே அசையாது. டிரில்லில் அவன்தான் முதல். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், "தோட்டம்" என்றுதான் கூப்பிடுவான். "ஏலே தோட்டம், கையக் கீழ போடுல. பறக்கப் போறியா?"

அவனுக்கு அப்பா கடலோடு போய்விட்டார். அம்மாவும் இல்லை. வளர்த்த அத்தைக்குக் கால் நடக்காது. எங்கள் சென்டரில், டிரெய்னிங் முடிந்து சத்தியம் செய்கிற பரேடு அன்றைக்கு, தாய் தகப்பனுக்குத்தான் பதக்கம் குத்துவார்கள். மைக்கில் பையனுடைய பேரைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் முன்னால் வர வேண்டும். பையன் மார்ச் பண்ணி வந்து அவர்கள் எதிரில் நிற்க, பெரிய சாகிப் பெற்றவர் நெஞ்சில் பதக்கத்தைக் குத்துவார். ஆள் வராவிட்டால் பதக்கத்தைக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுவார்கள்.

"எனக்குத் தபால்தாம்லே" என்பான் மரியதாஸ். "அத்தைக்குக் கவரப் பிரிக்கவே நாலு நாள் ஆகும்." சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

டிரில் டெஸ்டில் அவன் முதலாக வந்தான். நான் பெயில். முழங்கைதான் காரணம். அடுத்த பேட்சோடுதான் உனக்குப் பரேடு என்று பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். உஸ்தாத் வந்து சொன்னார், "தள்ளி வச்சிருக்கறமுங்க, தள்ளி உடலைங்க."

அப்பாவிடம் சொல்ல வேண்டும், பரேடு தேதியை முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தேன். லயத்துக்கு மேலே மளிகைக் கடையில் ஒரே ஒரு போன். அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கம் மழை பிடித்தால் முதலில் போன் கம்பிதான் சாயும். அது சாய்ந்து கிடந்தது.

பரேடு நாள் வந்தது. பின்னுக்குத் தள்ளப்பட்டவர்களுக்கு அன்றைக்கு வேலை, வந்திருக்கிற தாய் தகப்பன்மார்களுக்கு டீ ஊற்றுவது. பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனால், முன் வரிசையில் எங்கள் லயமே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் அப்பா, நெற்றி முழுக்கத் திருநீறு, யாருடைய கோட்டோ. ஜீப் பிடித்து, ராத்திரியே கிளம்பி வந்திருக்கிறார்கள்.

அம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "என்னாடா, துப்பாக்கியக் காணோம்? கெட்டில் வச்சிருக்க?"

"அம்மா... நான் அடுத்த பேட்ச்மா. டிரில்லுல பெயில்."

"அடப்பாவி. நாங்க ஜீப்பெல்லாம் புடிச்சு வந்தோமே!"

லயத்து ஆட்கள் எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். பெரட்டில் வைத்துச் சொன்ன மனுஷன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அரைப்பேர் போட்டுட்டாங்களா?"

"ஆமாப்பா."

"முழுப்பேர் போடுவாங்கதானே?"

"அடுத்த பேட்சுல போடுவாங்கப்பா."

"சரி, போ. அரைப்பேர் வாங்காதவன் நம்ம மலையில யாரு இருக்கா? டீய ஊத்து."

ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது என்னா தூளு? சர்க்காரே இந்தச் சருகைக் குடிச்சா நம்ம கொழுந்துக்கு எங்க விலை வரும்?" அடுத்த நாற்காலியில் யாரோ ஒரு தெலுங்குக்காரரிடமும் இதை விளக்கினார். அவரும் தலையாட்டினார்.

பரேடு நடந்தது. யார் பிள்ளை வந்தாலும் எங்கள் லயத்து ஆட்கள் கை தட்டினார்கள். ஜீப்புக்குக் கொடுத்தது வீணாகக் கூடாதில்லையா. அப்புறம் மைக்கில் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் யாரோ எழுந்து போனார்கள், பதக்கம் குத்திக்கொண்டார்கள், அழுதார்கள்.

"ரெக்ரூட் மரியதாஸ்."

மரியதாஸ் வந்து நின்றுவிட்டான். எதிரில் யாரும் இல்லை. பெரிய சாகிப் கையில் பதக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக் இரண்டாம் தடவை கூப்பிட்டது. "ரெக்ரூட் மரியதாஸ்."

கிளார்க் கவரை எடுத்ததை நான் பார்த்தேன்.

"வந்திருக்கு ஐயா!"

பந்தல் ஆடியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு குழந்தை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அப்பா எழுந்து நின்றிருந்தார். குரல் கொடுத்த பிறகுதான் தான் குரல் கொடுத்ததே அவருக்குத் தெரிந்திருக்கும். அம்மா கோட்டைப் பிடித்து இழுத்தாள். எழுந்தாயிற்று, இனி உட்கார முடியாது. நேராக நடந்தார். முழங்கை இரண்டும் நெஞ்சு உயரத்தில், கால் கோணலாக, செடிக்குள் நடக்கிற மாதிரியே நடந்து போனார்.

உஸ்தாத் பந்தல் ஓரத்தில் நின்றிருந்தார். அப்பா நடந்த நடையைப் பார்த்தார். திரும்பி, கெட்டிலோடு நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் மாறாட்டம் என்று பிடித்தால் அப்பாவுக்கு என்ன ஆகும், மரியதாஸுக்கு என்ன ஆகும்? நெற்றியில் பட்டையோடு வந்து நிற்கிற அப்பாவைப் பெரிய சாகிப் பார்த்தார், மரியதாஸின் பேர்ப்பட்டையைப் பார்த்தார். உஸ்தாதைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார்.

உஸ்தாத் அப்பா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க பெரியவரே, நீங்க இவருக்கு என்ன வேணுமுங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஆளில்லாத பேருங்க. எங்க பெரட்டுல ஆளில்லாத பேருக்குப் பக்கத்துல நிக்கிறவன் குரல் குடுக்கணும். இல்லாட்டி பேரு போயிரும்ங்க."

உஸ்தாத் விறைப்பாக நின்று சாகிப்பிடம் மொழிபெயர்த்தார்.

"அப்பாவாம், சாப்."

அவ்வளவு நீளமான பேச்சுக்கு ஒரே வார்த்தைதானா என்று சாகிப்புக்குத் தோன்றியிருக்கும். கேட்கவில்லை. அப்பாவின் கோட்டில் பதக்கத்தைக் குத்திக் கை கொடுத்தார். அப்பா, "தேங்க்ஸ் தொரை" என்றார். மரியதாஸ் சல்யூட் அடித்தான். அவன் கை சரியாகத்தான் இருந்தது. மோவாய் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் உஸ்தாத் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார், "ஏனுங்க மரியதாஸ், உங்கப்பா இவ்வளவு பெரிய சிவபக்தருன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் நெஞ்சில் ஏறிய முதல் பதக்கம் என்னால் வந்தது இல்லை. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "அப்பா, அதைக் கழட்டி அவங்கிட்ட குடுத்துருங்க" என்றேன்.

"குடுத்தேன்டா. வாங்க மாட்டேங்கறான். 'நீங்களே போட்டுக்கிடுங்கப்பா'ங்கறான். அப்பாங்கறான்டா."

அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது. ஊருக்குப் போய்ச் சும்மாவாவது இருந்தாரா? வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "உங்க மகன் வாங்கிக் குடுத்ததா?" என்று கேட்க, "இல்ல, இது மரியதாசுக்கு. எம் மகனுக்கு அரைப்பேர்" என்று தேவாலா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மளிகைக் கடை போன் சரியானதும் முதலில் வந்த தகவலே அதுதான்.

அந்தக் கோபத்திலேயே என் கை கீழே இறங்கியது. வேறு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகும் வராந்தாவில் நடந்து பார்ப்பேன். அப்பா வந்து உட்கார வேண்டும், மைக்கில் என் பேர் வர வேண்டும், அவர் எழுந்து வர வேண்டும். அது ஒன்றைத்தான் நினைத்து நடந்தேன். அடுத்த டெஸ்டில் உஸ்தாத் என்னை ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு, "கையைத் திருப்பிக் குடுத்துட்டீங்ளாட்ட இருக்குதுங்க. சந்தோசமுங்க" என்றார்.

என் பரேடுக்கு அப்பா முந்தின நாளே வந்துவிட்டார். இந்தத் தடவை ஜீப் பிடிக்கவில்லை, பஸ்ஸில் அம்மாவும் அவரும் மட்டும். கோட்டில் மரியதாஸின் பதக்கம். நான் கேட்கவில்லை, அவரும் கழட்டவில்லை.

மைக்கில் என் பேர் வந்தது. நான் மார்ச் பண்ணிப் போய் நின்றேன். கை கீழேதான் இருந்தது. எதிரில் யாரும் இல்லை.

கண்ணைத் திருப்பக் கூடாது, ஆனாலும் திருப்பினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தம் வரவில்லை. கிழவிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அடுத்த மலை வரைக்கும் போன குரல், எனக்கு நாற்காலியை விட்டே இறங்கவில்லை. கைகளை நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்தார், கால் வரவில்லை. மைக் இரண்டாம் தடவை என் பேரைக் கூப்பிட்டது.

"வந்திருக்கு சாமி! இந்தா வந்திருக்கு!"

அம்மா. அப்பாவின் கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பெரிய சாகிப் அவர் நெஞ்சைப் பார்த்தார். ஏற்கெனவே ஒன்று குத்தியிருக்கிறது. உஸ்தாத் இருந்த பக்கம் திரும்பினார். உஸ்தாத் ஊட்டி மலையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு மகன்களா?" என்று சாகிப் ஒரு மாதிரித் தமிழில் கேட்டார்.

அப்பாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஆமாங்க தொரை. ரெண்டும் முழுப்பேர்."

பதினேழு வருடத்தில் பனி பார்த்தேன், மணல் பார்த்தேன், காடு பார்த்தேன். ஒன்றிரண்டு தடவை உயிர் போகப் பார்த்தது, போகவில்லை. லீவில் வரும்போதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் மரியதாஸ் வந்துவிட்டுப் போயிருப்பான். வீடு முழுக்கக் கருவாட்டு வாசனையாக இருக்கும். "பெரியவன் வந்துட்டுப் போனான்" என்பாள் அம்மா. ஒரு பேட்ச் முந்தினால் பெரியவனா என்று சண்டை போடுவேன். தோட்டம் ஒருமுறை மூடியபோது கேட்டில் எல்லாரும் கூடி நின்றார்கள். அப்பா இரண்டு பதக்கத்தோடு முன்னால் நின்றார். கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ்காரருடைய கை தன்னால் எழும்பி ஒரு சல்யூட் அடித்துவிட்டதாம். பிறகு எப்படிக் கலைப்பது? டீ குடித்துவிட்டுப் போனாராம்.

போன மாதம் அப்பாவுக்கு மூச்சு விட முடியவில்லை. கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பக் கொண்டுவந்தோம்.

மரியதாஸ் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து விடியும்போது இறங்கினான். அவனும் ரிட்டயர் ஆகிப் படகு வாங்கிவிட்டான். தோளில் பை. இந்தத் தடவையும் கருவாடு கொண்டுவந்திருந்தான். பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டானாம். அதைப் பார்த்து அம்மா சிரித்தாள், உடனே அழுதாள்.

கோட்டு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தோம். அம்மா பதக்கங்களைக் கொண்டுவந்தாள். பல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அப்பா இரண்டையும் வழுவழு என்று ஆக்கி வைத்திருந்தார்.

"இதுல எதும்மா என்னுது?" என்றேன்.

"எது யாருதுன்னு இப்ப என்னா? ரெண்டையும் போட்டு அனுப்பு" என்றாள். நான் ஒன்று குத்தினேன், மரியதாஸ் ஒன்று குத்தினான்.

தோட்டத்து இடுகாடு சரிவில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு செடிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். குழிக்குள் இறக்கியதும், சடங்கு நடத்துகிற பெரியவர் தலையைக் குனிந்தபடியே கூப்பிட்டார்.

"மகன் வாப்பா. மண்ணு போடணும்."

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காலும் வரவில்லை. அப்பா அன்றைக்கு நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது.

"மகன் எங்கப்பா? மகன்!"

"வந்திருக்கு ஐயா!"

மரியதாஸ். விறைப்பாக நின்று, பரேடு கிரவுண்டுக் குரலில் கத்தினான். தூரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டத்தில் பெரட்டு தெரிந்த பழைய ஆட்கள் துண்டால் வாயைப் பொத்தினார்கள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மரியதாஸ் என் முழங்கையைப் பிடித்தான். அது நெஞ்சு உயரத்தில் இருந்தது. கீழே இறக்கிவிட்டு, "வாலே தோட்டம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

பெரியவர் தலையைத் தூக்கினார். பட்டை போட்ட என்னைப் பார்த்தார், கழுத்தில் சிலுவை போட்ட அவனைப் பார்த்தார்.

"இதுல மகன் யாருப்பா?"

நாங்கள் இரண்டு பேரும் கையில் மண்ணை அள்ளியிருந்தோம். அவர் இரண்டு பேர் கையையும் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, போடுங்க" என்றார்.